தம்பி கொண்டுவரும் போன்: அல்ட்ராவா, வன்பிளஸா?

கேள்வி: உப்புவெளியில் ஐந்து அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். என் கணவர் படகு ஓட்டுவார். காலையில் டொல்பின் பார்க்க, பிறகு புறாத்தீவுக்கு. படம், வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதும் வட்ஸ்அப்பில் புக்கிங் பார்ப்பதும் என் வேலை. இப்போதுள்ள போனில் வெயிலில் திரை தெரிவதில்லை. மத்தியானத்துக்கு முன்பே சார்ஜ் இறங்கிவிடுகிறது. கட்டாரில் இருக்கும் தம்பி அடுத்த மாதம் லீவில் வருகிறார். சாம்சங் கலக்ஸி எஸ்25 அல்ட்ராவா, வன்பிளஸ் 13 ஆ என்று கேட்கிறார். இரண்டிலும் ஒரே புரொசசர் என்கிறார்கள். ஆனால் விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அல்ட்ரா என்றால் காப்பு ஒன்றை அடகு வைக்க வேண்டி வரும். ஐந்து வருடமாவது பாவிக்க வேண்டும். கடல் தண்ணீர் பட்டால் தாங்குமா? எதை வாங்கச் சொல்வது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

காப்பு கையிலேயே இருக்கட்டும். தம்பிதான் கொண்டுவருகிறார் என்றால் வன்பிளஸ் 13 போதும். அல்ட்ராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் என்பதல்ல. அந்தக் காசில் ஒரு பெரிய பங்கு, போன் பழுதானால் யார் பொறுப்பு என்பதற்கான விலை. இலங்கையில், கம்பனி வாரண்டியோடு வாங்கினால்தான் அந்தப் பொறுப்பு உங்களுக்குக் கிடைக்கும். டோஹாவில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் அந்தப் பொறுப்பு கட்டுநாயக்கா விமான நிலையத்தோடு நின்றுவிடும்.

முதலில் புரொசசர். கேள்விப்பட்டது சரி. இரண்டிலும் ஸ்னப்டிராகன் 8 எலைட்தான். சாம்சங்குக்குச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடும் தனிப் பதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. வட்ஸ்அப்பிலும் வீடியோ வெட்டி ஒட்டுவதிலும் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் உலகச் சந்தைக்கு வந்தபோது அமெரிக்க விலை அல்ட்ராவுக்கு 1299 டொலர், வன்பிளஸுக்கு 899 டொலர். இரண்டும் 12 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 1,20,000 ரூபாய். ஆகவே வேகத்தை மறந்துவிட்டு, உங்கள் வேலைக்கு அந்த 400 டொலர் என்ன செய்யும் என்று மட்டும் பார்ப்போம்.

படகில் முதலில் தெரியும் வித்தியாசம் திரையில்தான், கமராவில் அல்ல. விளம்பரத்தில் வன்பிளஸ் 4500 நிட்ஸ், சாம்சங் 2600 நிட்ஸ் என்று இருக்கும். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. அதைப் பார்த்து வன்பிளஸ்தான் வெயிலில் பளிச்சென்று இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 4500, திரையின் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது எட்டும் உச்சம். வெயிலில் முழுத் திரையும் எட்டுவது அதற்கு மிகக் கீழே, ஏறக்குறைய 1600. அல்ட்ராவின் பலம் அதன் கண்ணாடியில் இருக்கிறது. கொரில்லா ஆர்மர் 2 எனப்படும் அந்தக் கண்ணாடி பிரதிபலிப்பைப் பெருமளவு குறைக்கிறது. நிலாவெளிக் கடலில் பத்து மணி வெயிலில் வானமும் உங்கள் முகமும் திரையில் தெரியாமல், எடுக்கும் படம் மட்டும் தெரியும்.

ஆனால் வாங்கிய அன்றே கடையில் 'டெம்பர் கிளாஸ்' ஒட்டுவது நம் ஊர் வழக்கம். சாதாரண டெம்பர் கிளாஸை அல்ட்ராவின் மேல் ஒட்டினால், பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு அதன் அடியில் போய்விடும். மேலே இருப்பது வெறும் கண்ணாடி. அது பழையபடி மினுங்கும். காசு கொடுத்து வாங்கிய குணத்தைக் காசு கொடுத்தே மூடுவது இது. அல்ட்ரா வாங்குகிறவர் பிரதிபலிப்பு எதிர்ப்புப் பூச்சுள்ள மெல்லிய பாதுகாப்புத் தாளைத் தேடி ஒட்ட வேண்டும், அல்லது எதுவும் ஒட்டக் கூடாது. இரண்டு போன்களிலும் விரல்ரேகை உணரி மீயொலி வகை. ஈரக் கையாலும் திறக்கும் என்பதால் படகுக்கு நல்லது. ஆனால் தடித்த கண்ணாடி ஒட்டி இடையில் காற்று நின்றால் விரலைப் படிக்காது. பசை ஊற்றிப் புறஊதா ஒளியில் காயவைக்கும் வகைக் கண்ணாடிக்கு இடம் கொடுக்காதீர்கள். பசை ஒலிபெருக்கித் துளைக்குள்ளும் பொத்தானுக்குள்ளும் இறங்கி உறைந்துவிடும்.

கமராவில் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் பிரதான கமரா, சாதாரணமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். வன்பிளஸின் 50 மெகாபிக்சல் சென்சரும் அளவில் ஏறக்குறைய அதே பெரியது. விடுதியின் அறை, முற்றம், சாப்பாட்டு மேசை எல்லாம் இரண்டிலும் நன்றாக வரும். பேஸ்புக்கில் ஏற்றிய பிறகு எது எந்தப் போன் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது நிலைமை வேறு. அல்ட்ராவில் 3 மடங்கு, 5 மடங்கு என இரண்டு தொலைநோக்கு லென்ஸ்கள். வன்பிளஸில் 3 மடங்கு லென்ஸ் ஒன்றுதான். வன்பிளஸின் தொலைநோக்குச் சென்சர் 50 மெகாபிக்சல் என்பதால், நல்ல வெளிச்சத்தில் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து 6 மடங்கு வரை பயன்படுத்தக்கூடிய படம் தரும். அல்ட்ராவின் 5 மடங்கு லென்ஸும் அதே முறையில் 10 மடங்கு வரை போகும். ஆகவே 6 மடங்கைத் தாண்டும் படங்களில்தான் அல்ட்ராவின் காசு தெரியும். ஆடும் படகில் நின்றுகொண்டு 10 மடங்கில் டொல்பினைத் திரைக்குள் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். மடங்கு கூடக் கூட, கையின் சிறு நடுக்கமும் பெரிதாகும். டொல்பின் கூட்டம் படகோடு ஓடி வரும்போது 3 மடங்கே அதிகமாகிவிடும். திமிங்கிலம் அப்படியல்ல, அதைத் துரத்திப் போகவும் கூடாது, விலகி நின்றுதான் எடுக்க வேண்டும். நீங்கள் விற்பது திமிங்கிலப் பயணம் என்றால் அல்ட்ராவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பேன். உங்கள் கடிதம் டொல்பினையும் புறாத்தீவையும்தான் சொல்கிறது.

துள்ளும் டொல்பின் மங்கலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம்தான். விலை கூடிய போனும் இதிலிருந்து தப்பவில்லை. தானியங்கியில் விட்டால் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக்கப் பார்க்கும். அந்த நேரத்துக்குள் டொல்பின் தண்ணீருக்குள் போய்விடும். சாம்சங்கில் 'புரோ', வன்பிளஸில் 'மாஸ்டர்' எனப்படும் முறைக்குப் போய் ஷட்டரை 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள். ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவைத் தானியங்கியில் விடுங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகு நம் கடலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அது சிரமம் என்றால் 4கே, விநாடிக்கு 60 பிரேம் வீடியோவாக எடுத்து, பிறகு நல்ல பிரேம் ஒன்றைப் படமாக வெட்டி எடுங்கள். 8 மெகாபிக்சல் கிடைக்கும். இணையத்துக்கு அது தாராளம். 8கே பக்கம் போகாதீர்கள். போன் சூடாகும், இடம் நிறையும், பார்ப்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு போன்களிலும் மெமரி கார்ட் போட முடியாது. 4கே 60 பிரேம் வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி தின்னும். 256 ஜிபி போனில் மென்பொருளும் செயலிகளும் போக மீதியில் ஆறேழு மணி நேர வீடியோதான் அடங்கும். காசு மிஞ்சினால் அடுத்த சேமிப்பு அளவுக்குப் போவதைவிட, எஸ்எஸ்டி எனப்படும் 1 டிபி வெளிச் சேமிப்புக் கருவி ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை மாற்றுவது மேல். போன் கடலில் விழுந்தாலும் படங்கள் வீட்டில் இருக்கும். இரண்டு போன்களின் யூஎஸ்பி துளையும் 3.2 வகை, விநாடிக்கு 5 ஜிகாபிட். ஆனால் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருந்தால் 480 மெகாபிட்டில் ஊரும். 5 அல்லது 10 ஜிகாபிட் என்று அச்சிட்ட கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

மத்தியானத்துக்கு முன் சார்ஜ் இறங்குவது உங்கள் பெரிய முறைப்பாடு. இதில் விலை குறைந்த போன்தான் முந்துகிறது. வன்பிளஸில் 6000 எம்ஏஎச், அல்ட்ராவில் 5000. வன்பிளஸின் பட்டரி சிலிக்கன்-கார்பன் வகை என்பதால் அதே பருமனுக்குள் கூடுதலாக அடங்குகிறது. அல்ட்ரா 218 கிராம், வன்பிளஸ் ஏறக்குறைய 210. கையில் பாரம் கூடவில்லை. சார்ஜ் ஏற்றுவதிலும் வன்பிளஸ் 100 வாட்ஸ் வரை, சாம்சங் 45 வாட்ஸ். ஒரு படகு திரும்பி அடுத்த படகு புறப்படும் முன் அரை மணி நேரம் கிடைத்தால், வன்பிளஸ் ஏறக்குறைய நிறைந்துவிடும். சாம்சங் சுமார் 65 சதவீதத்துக்கு வரும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வன்பிளஸின் வேகம் அதன் சொந்த சூப்பர்வூக் சார்ஜரோடும் கேபிளோடும் மட்டும்தான். கடையில் கிடைக்கும் வேறு 100 வாட்ஸ் சார்ஜரைக் குத்தினால் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். எனவே பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று தம்பி பார்த்து, இல்லையென்றால் அங்கேயே வாங்கட்டும். சாம்சங் பெட்டியில் சார்ஜர் வருவதே இல்லை. அதற்கு பிபிஎஸ் (PPS) எனப்படும் வேகச் சார்ஜ் முறை உள்ள 45 வாட்ஸ் சார்ஜரும் 5 அம்பியர் கேபிளும் தேவை. 3 அம்பியர் கேபிள் போட்டால் 25 வாட்ஸில் நிற்கும். கட்டாரின் பிளக் மூன்று சதுரக் கால் 13 அம்பியர் வகை. நம் நாட்டின் இன்றைய நியமமும் அதுவே. உங்கள் விடுதியின் பழைய அறைகளில் உருண்டைத் துளை சொக்கெட் இருந்தால், ஆடும் அடாப்டரில் மாட்டாமல் சொக்கெட்டையே மாற்றிவிடுங்கள். கடற்காற்றில் தொடுமுனை கறுத்துச் சூடாகும் இடம் அதுதான்.

பட்டரியைக் கெடுப்பதில் வேகச் சார்ஜைவிட வெப்பமும் முழுச் சார்ஜும் மோசமானவை. கச்சான் காற்று வீசும் வெப்பமான மாதங்களில் போனைப் படகின் முன்தட்டில் வெயிலில் வைத்துப் பவர் பேங்கில் மாட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். நிழலில், உறையைக் கழற்றி ஏற்றுங்கள். இரவில் தலைமாட்டில் மாட்டிவைக்கும் பழக்கம் இருந்தால், இரண்டு போன்களிலும் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு; அதைப் போட்டுவிடுங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் சிக்னல் தேடியே போன் சார்ஜைக் குடிக்கும். அழைப்பு தேவையில்லாத நேரத்தில் விமான முறையில் வையுங்கள். இப்போதுள்ள போன் மத்தியானத்தோடு படுப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனித் தண்ணீர். தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஐபி தரத்தில் வன்பிளஸ் 13 ஐபி68, ஐபி69 இரண்டும், அல்ட்ரா ஐபி68. ஐபி69 என்பது அழுத்தத்தோடு பீய்ச்சும் சுடுதண்ணீரைத் தாங்கும் என்ற தரம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் ஆய்வுகூடத்தில் நல்ல தண்ணீரில், புதுப் போனில் செய்யப்படுபவை. கடல் தண்ணீர் அந்தக் கணக்கில் இல்லை. தண்ணீர் புகாமல் போனை மூடி ஒட்டியிருக்கும் பசை வெயிலில் காலப்போக்கில் இளகும். ஒருமுறை கீழே விழுந்து சட்டம் நெளிந்தாலும், கண்ணாடி மாற்றப் பின்மூடியைத் திறந்தாலும் தரமெல்லாம் போய்விடும். தண்ணீர் போன போனை வாரண்டியில் ஏற்கவும் மாட்டார்கள்.

அலை தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போன் முழுதும் நனைந்திருந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை நேராகத் துளைக்குள் பிடிக்க வேண்டாம். பிறகு சார்ஜ் துளை கீழே இருக்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத்தூள் துளைக்குள் அடைவதுதான் மிச்சம். துளையில் ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் கேபிளைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடினால் துளைக்குள் இருக்கும் முனைகள் அரித்துப் பச்சை பூக்கும். பிறகு துளையையே மாற்ற வேண்டி வரும். அவசரம் என்றால், முதுகைத் துடைத்துவிட்டு வயர்லெஸ் சார்ஜில் வையுங்கள். அது இரண்டிலும் உண்டு. லென்ஸில் உப்புக் காய்ந்திருந்தால் உலர்ந்த சேலைத் தலைப்பால் தேய்க்காதீர்கள். உப்புப் பரல் பூச்சைக் கீறும். முதலில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர், பிறகு மென்துணி.

புறாத்தீவில் பவளப்பாறையைத் தண்ணீருக்குள் எடுக்க இரண்டு போன்களும் சரிவராது. தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. மிச்சமாகும் 1,20,000 ரூபாயில் தண்ணீருக்குள் எடுக்கும் அக்ஷன் கமரா ஒன்று வாங்கிவிடலாம். அல்ட்ராவின் 5 மடங்கு லென்ஸைவிட அது உங்களுக்கு விருந்தினரைக் கூட்டிவரும்.

ஐந்து வருடம் என்று கேட்டீர்கள். சாம்சங் 7 அன்ட்ரொய்ட் பதிப்புகளும் 7 வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருகிறது. வன்பிளஸ் 4 பதிப்புகள், 6 வருடப் பாதுகாப்பு அப்டேட். பதிப்பில் பெரிய இடைவெளிதான். ஆனால் வங்கிச் செயலிக்கும் உங்கள் கணக்குகளுக்கும் முக்கியம் பாதுகாப்பு அப்டேட். அதில் வித்தியாசம் ஒரு வருடம் மட்டும். இரண்டும் உங்கள் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடும். அதற்கு முன் பட்டரி களைத்திருக்கும்.

சாம்சங் உண்மையில் மேலாக இருக்கும் இடம் அங்கேதான். நான்காம் வருடம் பட்டரியோ திரையோ மாற்ற வேண்டி வந்தால் சாம்சங்குக்கு உதிரிப்பாகமும், அதைத் திறந்து பழகிய கையும் இலங்கையில் எளிதாகக் கிடைக்கும். வன்பிளஸுக்குக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டி வரலாம். விற்கப் போனாலும் சாம்சங்கைத்தான் சட்டென்று எடுப்பார்கள். திரை உடைந்தால் இரண்டுக்கும் நடுத்தரப் போன் ஒன்றின் விலை போகும். அதனால் வன்பிளஸ் வாங்கி மிச்சம்பிடிக்கும் காசில் ஒரு பங்கைத் திரைக்கென்று ஒதுக்கிவையுங்கள். விளிம்பு உயர்ந்த உறையும் கைப்பட்டியும் முதல் நாளே போடுங்கள்.

அல்ட்ராவின் பேனாவைப் பற்றி யாராவது பெருமையாகச் சொல்வார்கள். முந்தைய எஸ்24 அல்ட்ராவில் அந்தப் பேனாப் பொத்தானை அமத்தித் தள்ளி நின்று குழுப்படம் எடுக்கலாம். எஸ்25 இல் பேனாவிலிருந்து புளூடூத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அது எழுத மட்டும்தான்.

தம்பியிடம் சொல்ல வேண்டியவை, சரியாகச் சொல்லுங்கள். வன்பிளஸ் 13 இன் சீனப் பதிப்பு விலை குறைவாகக் கிடைக்கும். அதன் மாடல் எண் பிஜேஇசட்110. அதில் வருவது சீனப் பதிப்புக்கான கலர்ஓஎஸ் மென்பொருள். சில கடைகளில் உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி, புதுசு போல் ஒட்டி விற்பார்கள். பிறகு அப்டேட் வராமல் நிற்கும், வங்கிச் செயலி திறக்க மறுக்கும். பெட்டியிலும், போனின் 'பற்றி' பக்கத்திலும் சிபிஎச்2653 என்று இருக்க வேண்டும். அதுதான் உலகப் பதிப்பு. இந்தியப் பதிப்பு சிபிஎச்2649, அதுவும் பரவாயில்லை. பெட்டியிலுள்ள ஐஎம்இஐ (IMEI) எனப்படும் போனின் அடையாள எண்ணும் போனில் *#06# அடித்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கட்டும்.

தம்பி பிடிவாதமாக சாம்சங்கையே வாங்கினால் ஒன்று: வளைகுடாவில் விற்கும் சாம்சங், முதலில் அந்தப் பிராந்திய சிம்மோடுதான் உயிர்பெறும். விமானம் ஏறுமுன் கட்டார் சிம் போட்டு, மொத்தம் 5 நிமிடத்துக்குக் குறையாமல் அழைப்பில் கதைத்துவிட வேண்டும். இங்கே வந்து பெட்டியை உடைத்தால் நம் சிம் ஏற்காமல் நிற்கலாம். 'பாவித்த கொரியன்' என்று கொழும்பில் மலிவாகக் கிடைக்கும் கொரியச் சந்தைப் போனில் கமராச் சத்தத்தை நிறுத்த முடியாது. தங்க வருபவர்களுக்கு அது தொல்லை.

போன் எதுவானாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவு விஷயத்தை முன்கூட்டியே பாருங்கள். இங்கே கடையில் வாங்குவதென்றால் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் செய்ய வேண்டியது அது. வெளிநாட்டிலிருந்து சொந்தப் பாவனைக்குக் கொண்டுவரும் போனுக்கு இப்போதைய நடைமுறை என்னவென்று ஆணைக்குழுவிடமே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தம்பிக்குக் காசு அனுப்புங்கள்.

அந்தப் பதில் உங்களுக்குச் சாதகமாக வராவிட்டால் மட்டும் என் கருத்து மாறும். அப்போது இங்கேயே, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், கம்பனி வாரண்டி அட்டையோடு சாம்சங் வாங்குங்கள். 'கடை வாரண்டி' வேண்டாம். அது அந்தக் கடை திறந்திருக்கும் வரைக்கும்தான். அல்ட்ராதான் என்றும் இல்லை. அதே வரிசையின் எஸ்25 பிளஸிலும் 7 வருட அப்டேட்டும் 3 மடங்கு லென்ஸும் 4900 எம்ஏஎச் பட்டரியும் உண்டு. வெளியானபோது அதன் விலை 999 டொலர். அப்போதும் காப்பு வீட்டிலேயே இருக்கும்.